கப்பலின் அடியில் ஒட்டி வருவதையும் கொஞ்சம் பாருங்கள்

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையத்தாருக்கும் விசைப்படகு உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள் உங்களில் இருந்தால் ஹெர்ட்மேனியா ஞாபகம் இருக்கும். படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கியதோடு மறந்துபோன பிராணி. அது சேர்ந்த, கடலில் எதிலாவது ஒட்டி வாழும் அசிடியன் கூட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல். ஹெர்ட்மேனியாவுக்குப் பெயர் தந்த கடல் உயிரியலாளர் ஹெர்ட்மன் 1902-இல் மன்னார் வளைகுடாவுக்கு வந்தது முத்துப்பார்களை ஆராய. ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்த துறை அசிடியன்தான். நம் கடலுக்கும் இந்தப் பிராணிக்கும் அவ்வளவு பழைய தொடர்பு.

மிதவைக் கயிற்றைத் தூக்கிப் பார்த்தால் கொட்டலசுக்கு நடுவே கன்னங்கரேலென்று தோல்பை மாதிரி தொங்குமே, அது இந்த வகை. அழுத்தினால் தண்ணீரைப் பீய்ச்சும். அதன் உடம்பில் இரண்டு குழாய்கள்: ஒன்றில் நீரை இழுத்து, நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றுவிட்டு, மற்றதில் வெளியே விடும். குஞ்சாக இருக்கும்போது தலைப்பிரட்டை போல வாலும் முதுகுநாணும் உண்டு. கொஞ்ச நேரம் நீந்தி, நிழலான ஓர் இடத்தில் தலையை ஒட்டிக்கொண்டதும் வாலைத் தானே கரைத்துவிடும். அதற்கப்புறம் ஆயுள் முழுக்க அங்கேதான்.

அந்தக் 'கொஞ்ச நேரம்' என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சில நிமிடங்கள், சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள் அளவுக்கே குஞ்சு நீந்தும். அதுவரை சாப்பிடவும் செய்யாது. கப்பல் ஆட்டம் காணாமல் இருக்கத் தொட்டிகளில் நிரப்பி வரும் பேலஸ்ட் தண்ணீர் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விஷயம், பல உயிர்களுக்கு அது தடைதான். ஆனால் இரண்டு வாரம் தொட்டிக்குள் பயணம் செய்ய அசிடியன் குஞ்சால் முடியாது. அது ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டுதான். அதிலும் ஓடிக்கொண்டே இருக்கும் கப்பலைவிட, மாதக்கணக்கில் நங்கூரம் போட்டுக் கிடக்கும் பார்ஜ், தூர்வாரும் கப்பல் போன்றவற்றின் அடியில்தான் இது நன்றாகச் செழிக்கும். தொட்டித் தண்ணீருக்கு மட்டும் சான்றிதழ் கேட்டால், வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்த கதைதான்.

வந்தால் என்ன ஆகும்? கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1998-இல் ஸ்டைலா கிளாவா என்ற ஆசிய அசிடியன் இனம் தென்பட்டது. சிப்பி வளர்க்கும் கயிறுகளை மூடிப் பாரம் ஏற்றி, சிப்பிக்குப் போக வேண்டிய இரையையும் தின்றது. வேல்ஸ் நாட்டின் ஹோலிஹெட் துறைமுகத்தில் 2008-இல் டைடெம்னம் வெக்சில்லம் என்ற இன்னொரு அசிடியன் கண்டுபிடிக்கப்பட்டது. மிதவை மேடைகளைப் பிளாஸ்டிக் உறையால் சுற்றி அதைக் கொன்றார்கள். போய்விட்டது என்று நினைத்தபோது மறுபடி முளைத்தது. இந்த இரண்டும் குளிர்நீர் இனங்கள், நம் பக்கம் வருமென்று பயமுறுத்த வரவில்லை. வெப்பக் கடலுக்கென்றே வேறு இனங்கள் இருக்கின்றன.

நமக்கு நடந்ததே போதும். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளத்தின்மீது படர்ந்தது 2008-இலேயே ஆய்விதழில் வந்துவிட்டது. எண்ணூர்க் கழிமுகத்தில் காக்கா ஆழி என்ற வெளிநாட்டுச் சிப்பி செய்யும் அட்டகாசத்தை அங்குள்ள மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இங்கே துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டரில் வான் தீவு இருக்கிறது. அதைக் கடலரிப்பிலிருந்து காக்க கான்கிரீட் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். கெட்டியான, நிழலுள்ள புதுப் பரப்பு என்றால் அசிடியனுக்குக் கொள்ளைப் பிரியம்.

படகு உரிமையாளர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடிப்பாகத்தைச் சுரண்டும்போது கழிவைத் தண்ணீரில் தள்ளாதீர்கள். கூட்டமாக வாழும் அசிடியன்களில் சிலவற்றின் துண்டு ஒன்று போதும், விழுந்த இடத்தில் ஒட்டிப் புதிதாக வளரும். சுத்தம் செய்கிறோம் என்று நாமே விதைத்த மாதிரி ஆகிவிடும். கரையேற்றிச் சுரண்டி, அள்ளி, வெயிலில் காயப் போட்டால் கதை முடிந்தது.

துறைமுக ஆணையத்திடம் கேட்பது கொஞ்சம் பெரிது. நியூசிலாந்து 2018 முதல் அடிப்பகுதி சுத்தமாக இருந்தால்தான் உள்ளே வா என்கிறது. உடனே அவ்வளவு கண்டிப்பு முடியாது, புரிகிறது. நீண்ட நாள் சும்மா கிடந்துவிட்டு வரும் கலங்களிடமாவது கடைசியாக எப்போது, எங்கே அடிப்பகுதியைச் சுத்தம் செய்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். நீருக்கடியில் சுரண்ட அனுமதி கொடுத்தால் கழிவை உறிஞ்சிப் பிடிக்கும் கருவியோடு மட்டும் கொடுங்கள். அப்புறம், கப்பல் தளங்களின் ஓரத்தில் சில பலகைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, புதிதாக என்ன ஒட்டியிருக்கிறது என்று மாதம் ஒருமுறை தூக்கிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஆள் தேடி அலைய வேண்டாம்: அசிடியன்களை இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் தூத்துக்குடிக் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள். அவர்களும் அவர்களுடைய மாணவர்களும் உள்ளே வர நுழைவுச்சீட்டு கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
தூத்துக்குடிவாசி ஒருவர்