‘இன்னைக்கு வேணாம்மா’ என்று சொன்னவர்களுக்கும் சேர்த்து

இராமேஸ்வரம் தீவின் பாம்பன், தங்கச்சிமடம், ஓலைக்குடா, தனுஷ்கோடிக் கரைகளில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள், தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாசியில் உங்கள் கரைக்குக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தேன். மறுபடியும் மாசி வந்துவிட்டது. தென்மேற்குக் காற்றான கச்சான், மழை, வடகிழக்குக் காற்றான வாடை, அப்புறம் திரும்பவும் இந்த அமைதி என்று கடலின் எல்லாப் பருவத்தையும் உங்களோடு நின்று பார்த்துவிட்டேன். நேரில் நன்றி சொல்ல வந்தால் ‘இதுக்கெல்லாம் எதுக்கு டீச்சர்’ என்று வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறீர்கள். அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டீர்கள், அப்படியே விட்டுவிட்டேன். யாரைச் சொல்கிறேன் என்று படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் பயிற்சியாளர் தம்பிக்கு. துடுப்புப் போடச் சொல்லித்தருவதற்கு முன்னால் கவிழச் சொல்லித்தந்தீர்கள். தீவுக்கு வடக்கே, பாக் விரிகுடாப் பக்கம் இருக்கும் வடகடலில் இடுப்பளவுத் தண்ணீர். கயாக்கில் உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றிய, தண்ணீர் புகாத ஸ்கர்ட்டின் ஓரத்தை உட்காரும் குழியின் விளிம்பில் மாட்டியாயிற்று. இனி அலை உள்ளே வராது, ஆனால் நானும் நினைத்த மாத்திரத்தில் வெளியே வர முடியாது. பக்கத்தில் நின்றபடி நீங்கள் சொன்ன வரிசை இன்னும் காதில் இருக்கிறது. கவிழ்ந்ததும் முன்னால் குனியுங்கள். கையை வெளியே நீட்டிக் கயாக்கின் வயிற்றில் மூன்று தட்டுத் தட்டுங்கள். ஸ்கர்ட்டின் முன்வாரைத் தடவிப் பிடித்து, முன்பக்கம் தள்ளி இழுங்கள். அதன் பிறகு இடுப்பருகே கை ஊன்றி வெளியே வாருங்கள். தலைகீழாகத் தொங்கும்போது மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறுகிறது, காதுக்குப் பக்கத்தில் கடல்புல் உரசுகிறது, யாரோ எங்கேயோ பேசுவது மங்கலாகக் கேட்கிறது. அந்த மூன்று தட்டு பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்பதற்காக என்றுதான் நினைத்திருந்தேன். ‘அதுக்கும்தான் அக்கா. ஆனா தட்ட நேரம் இருந்தா, மூச்சும் இருக்குன்னு மனசுக்குத் தெரிஞ்சிரும்’ என்றீர்கள். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள். பயத்தை இவ்வளவு சுருக்கமாக அவிழ்த்துக் காட்டிய ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

அதே வாரம் மீட்பும் கற்றுத்தந்தீர்கள். கவிழ்ந்தவரின் கயாக் மூக்கை இன்னொருவர் தன் கயாக்கின் மேல் குறுக்கே இழுத்துப் போட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிமிர்த்தி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து, தன் முழு உடம்பையும் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறார். நீரில் இருப்பவர் காலை உதைத்துப் பின்பக்கமாக வயிற்றால் ஏறி, திரும்பி, உள்ளே உட்கார்ந்துகொள்கிறார். கரையில் விளக்கினால் ஒன்றும் புரியாது. தண்ணீரில் இன்னொருவரின் கை நம் கயாக்கைப் பிடித்திருக்கும் உறுதியை உணர்ந்தால்தான் புரியும். என்னோடு சேர்ந்து பழகிய காரைக்குடித் தங்கைக்கும் மதுரை நண்பர்களுக்கும் இந்த இடத்தில் நன்றி. என்னை அத்தனை முறை தூக்கி ஏற்றியும் நீங்கள் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை.

அடுத்து, ஓலைக்குடா அண்ணனுக்கு. சித்திரை லீவு. கச்சான் தொடங்கிவிட்டது. தீவுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம் இருக்கும் தென்கடலில் அலை எழும்பிவிட்டதால் எல்லோரும் வடகடல் பக்கம் வந்திருந்தோம். பார்த்தால் தண்ணீர் தகடாகக் கிடக்கிறது. கயாக்கை இறக்கப் போனேன். வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்த நீங்கள் தலையை நிமிர்த்தி, ‘இன்னைக்கு வேணாம்மா’ என்றீர்கள். எனக்கு ஏமாற்றம்தான், மதுரையிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருந்தேன். நீங்கள் விளக்கம் ஒன்றும் சொல்லாமல், கிடந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் வீசினீர்கள். ‘பாத்துக்கிட்டே இருங்க’ என்றுவிட்டு மறுபடி மிதவை கட்ட உட்கார்ந்துவிட்டீர்கள். மட்டை முதலில் சும்மா மிதந்தது. அப்புறம் வடக்கே நகர ஆரம்பித்தது. அலையே இல்லாத தண்ணீரில், யாரோ கயிறு கட்டி இழுப்பதைப் போல, போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தத் தூரத்தில் வெள்ளையாக அலை முறிவதை அப்போதுதான் கவனித்தேன்.

கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. தீவின் மணலும் மரமும் அதைத் தடுப்பதால் வடக்குக் கரையோரம் கடல் அமைதியாகத் தெரிகிறது. ஆனால் காற்று நிற்கவில்லை, நம் முதுகைத் தள்ளி ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. போகப் போக மறைப்பு குறைந்து அலை கூடுகிறது. திரும்பும்போது முழுக் காற்றையும் மூக்கில் வாங்கிக்கொண்டு துடுப்புப் போட வேண்டும். அந்தப் பக்கம் இலங்கைக் கடல் எல்லை வேறு இருக்கிறது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றைப் பற்றிப் பயிற்சியில் படித்திருந்தேன்தான். அது மனதில் பதிந்தது அந்த மட்டையைப் பார்த்த பிறகு. அண்ணே, அன்றைக்கு நீங்கள் சொன்ன ‘வேணாம்’ இந்த வருடத்தில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய உதவி. அதற்கப்புறம் பல பேரிடம் பல ‘வேணாம்’ வாங்கியிருக்கிறேன். ஒன்றைக்கூட வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. பாம்பன் பக்கம் படகுகளெல்லாம் கட்டிக் கிடக்க, ஆட்கள் வலை பழுது பார்ப்பதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதுமாக இருந்தீர்கள். பாறையில் உரசிக் கீறல் விழுந்த கயாக்கை அப்போதுதான் ஃபைபர் வேலை செய்யும் அண்ணனிடம் கொண்டுவந்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் ஈரம் போகக் காயவைத்து, கண்ணாடி இழை மேட்டைக் கீறலைவிடப் பெரிதாக வெட்டி, ரெசினைத் தூரிகையால் குத்திக் குத்திக் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் ஒட்டினீர்கள். ‘குமிழி நின்னா அங்கதான் மொதல்ல விடும்’ என்றீர்கள். காசு வாங்கவில்லை. அந்த ஒட்டு ஆடியையும் பார்த்துவிட்டது, தையையும் பார்த்துவிட்டது. இன்றுவரை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

ஆனி, ஆடியில் விடியற்காலை ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மற்ற நேரமெல்லாம் கரையில்தான். டீக்கடை அக்கா, அந்த நாட்களில் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து நான் கற்றது கொஞ்சமல்ல. கடலுக்குப் போகாத நாட்களில்தான் எல்லோருக்கும் பேச நேரம் இருந்தது. ஆவுளியா என்கிற கடல்பசு வலையில் மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுவோம் என்று ஒரு பெரியவர் சொன்னதும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீரோட்டம் எப்படிக் கூடும் என்று இன்னொருவர் கண்ணாடி டம்ளரை நகர்த்தி நகர்த்திக் காட்டியதும் அங்கேதான். அப்புறம் சாலைப் பாலத்தில் நின்று, கீழே ரயில் பாலத் தூண்களைச் சுற்றித் தண்ணீர் சுழித்து ஓடுவதைப் பார்க்கச் சொன்னீர்கள். கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்காகவும், வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும் ஓட்டம் மாறுவதை இரண்டு தடவை போய்க் கண்ணால் பார்த்துவிட்டேன். கயாக்கோடு அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

தனுஷ்கோடிக் கரைவலைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் கயிறு பிடித்து, நடுவில் வலை அரைவட்டமாகக் கடலில் கிடக்க, ஆணும் பெண்ணுமாகப் பின்னோக்கி நடந்து இழுக்கிறீர்கள். அந்த வட்டத்துக்குள் கயாக் போனால் மீன் கலைந்துவிடும், ஒரு நாள் பாடு போய்விடும். கயிறு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு தள்ளிச் சுற்ற வேண்டும் என்று கோபப்படாமல் கூப்பிட்டுக் காட்டினீர்கள். போகும்போது சாளையும் கொடுத்து அனுப்பினீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கடலே இல்லை. பாம்பனில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் தூரத்தில் ஏதோ உருவாகிறது என்று அர்த்தம். அதற்குமேல் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 1964-இல் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனதைப் பாட்டிகள் வாயால் கேட்ட ஊர் இது, இங்கே கூண்டை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மழை மாதங்களில் மதுரை நீச்சல் குளம் ஒன்றில் ரோல், அதாவது கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது, பழகினேன். அதிகாலையில் குளத்தைத் திறந்துவிட்ட மேலாளருக்கு நன்றி. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் முன்னறிவிப்பைப் படிக்கவும் அப்போதுதான் தம்பி பழக்கினார். அலையின் உயரத்தை மட்டும் பார்க்காதே, ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் எத்தனை வினாடி என்று பார். அந்த இடைவெளி நீண்டிருந்தால் அது எங்கேயோ தெற்கே பெரிய சமுத்திரத்தில் கிளம்பி வருகிற அலை. இங்கே காற்றே இல்லாத நாளில்கூடக் கரையில் வந்து ஏறும். கள்ளக்கடல் என்று நீங்கள் சொல்வது அதைத்தான். முன்னறிவிப்பும் வேண்டும், கரையில் நிற்கும் ஆளின் கண்ணும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைத் தள்ளிவிடுகிறவர்களோடு நான் கடலுக்குப் போக மாட்டேன்.

மார்கழியில் வாடை நிலைத்தது. வடகடல் கலங்கிப்போய், குட்டை அலையாக அடுக்கடுக்காக அடித்தது. ஆழம் குறைந்த கடலில் அலை அப்படித்தான் செங்குத்தாக எழும் என்று அங்கே நின்று பார்த்தேன். நாங்கள் குந்துகால் பக்கம் மாறினோம். தென்கடல் தெளிந்து, அடியில் மணல் வரி தெரிந்தது. இறங்குவதற்கு முன் ஒரு மட்டையை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். அது தெற்கே, ஆழத்தைப் பார்த்து நகர்ந்தது. பாம்பன் தெற்குவாடி அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ‘வாடையில இந்தப் பக்கம் அதே கதைதான். கரைய ஒட்டிப் போங்க, பத்து மணிக்குள்ள ஏறிருங்க’ என்றார். அப்படியே செய்தோம். அன்று ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், கயாக்குக்குக் குறுக்கே போயின. முதுகு வெட்டிக்கொண்டு மேலே வந்து, ஒரு மூச்சு விட்டு, உள்ளே போயின. அந்த மூச்சின் சத்தம் அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

வனத்துறைக் காவலர்களுக்கும் கடலோரப் பாதுகாப்புக் காவலர்களுக்கும் நன்றி. இராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னீர்கள். பவளப் பாறையின்மேல் துடுப்பை ஊன்றினால் என்ன உடையும் என்பதையும் காட்டினீர்கள்.

சின்னப்பாலம் அக்காக்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பாறைக்கு அடியில் பாசி எடுக்கிற உங்களுக்கு அந்த ஆழம் நான் நடக்கும் தெருவைப் போல. எங்கே பாறை மேலே வந்திருக்கும், எந்த மாதம் சொறி (ஜெல்லிமீன்) அதிகம், எந்த இடத்தில் கயாக்கின் அடி தட்டும் என்று நீங்கள் சொன்னதை எந்த வரைபடத்திலும் காணவில்லை. உங்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது 2015-இல் கிடைத்ததை என் வகுப்பில் சொன்னேன். அன்றைக்குப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் நேரம் ஒதுக்கினால் அவர்களை ஒரு நாள் கூட்டிவருகிறேன், நீங்களே பதில் சொல்ல வேண்டும்.

வீட்டிலும் கடன் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அத்தைக்கும், தோள்வலிக்குத் தைலம் தேய்த்துவிட்ட என் வீட்டுக்காரருக்கும், சிறப்பு வகுப்பை மாற்றிக்கொண்ட சக ஆசிரியைக்கும் நன்றி.

இனி புதிதாகக் கயாக்கோடு இந்தக் கரைக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இறக்குவதற்கு முன் அங்கே இருக்கும் ஒருவரிடம் போய், ‘அண்ணே, இன்னைக்குப் போகலாமா?’ என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். அவர்கள் பிழைக்கிற கடல் அது, நாம் அங்கே விருந்தாளிகள்.

சித்திரைத் திருவிழா முடிந்ததும் வருகிறேன். ஓலைக்குடா அண்ணன் கேட்ட கருப்பு நூல் உருண்டைகளும், அக்காக்கள் கேட்ட நீச்சல் கண்ணாடிகளும் வாங்கி வைத்திருக்கிறேன். வேறு ஏதாவது வேண்டுமென்றால் டீக்கடையில் சொல்லிவையுங்கள், கிளம்புவதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் டீச்சர்