சாட்ஸ்வர்த்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் பாதை கேட்டு மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும்,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
போக்குவரத்துத் துறைத் தலைவர் அவர்கள்,
மாநகராட்சி, டர்பன்.

பொருள்: நடைபாதை, சைக்கிள் பாதை, வேகக் கட்டுப்பாடு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து எங்கள் பெற்றோரை எழுப்பி, 1960-களில் இந்த மேடுகளில் குடிவைத்தார்கள். வேலைக்கும் கடைத்தெருவுக்கும் தூரமாக இருக்கும்படியே அன்று ஊரை வரைந்தார்கள். அந்தத் தூரத்தைத் தங்களால் குறைக்க முடியாது. ஆனால் பத்து நிமிட நடையில் இருக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் பயமில்லாமல் போய்வரத் தாங்கள் வழிசெய்யலாம்.

எங்கள் தெருவில் நடைபாதை பள்ளிக்குப் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அப்புறம் பிள்ளைகள் தார் ரோட்டின் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும். டாக்சி ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தால், அக்கா தம்பியின் பையைப் பிடித்துப் புல் பக்கம் இழுக்கிறாள். தினமும் காலையில் கேட் அருகே நின்று இதைப் பார்க்கிறேன். என் பேரனின் சைக்கிள் முற்றத்தைத் தாண்டியதில்லை. காவடி அன்று மட்டும் வண்டிகளை நிறுத்திவைக்கிறார்கள். அன்று வயதான பாட்டிமார்கூட நடு ரோட்டில் வெறுங்காலோடு நிம்மதியாக நடக்கிறார்கள்.

கடற்கரையில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் எவ்வளவு அருமையான பாதை இருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போகிறோம். கார் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

முதலில் அந்த நடைபாதையைப் பள்ளி வாசல் வரை முடித்துத் தாருங்கள். ஊருக்குள் பொது வேக வரம்பு 60 கிலோமீட்டர். பிள்ளைகளும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் 30 போதும் என்று 2020-இல் ஐ.நா. பொதுச்சபையும் ஏற்றுக்கொண்டது. பள்ளி, கோயில் வாசல்களில் அதை அமல்படுத்த வேண்டும். வெறும் போர்டு போதாது. வண்டி தானாகவே வேகம் குறைக்கும்படி, ரோட்டைக் கடக்கும் இடத்தை உயர்த்திக் கட்டவேண்டும்.

வீடுகளுக்கு நடுவே இறங்கும் படிக்கட்டுச் சந்துகள்தான் எங்களுக்குக் குறுக்குவழி. புதரை வெட்டி, கைப்பிடியும் விளக்கும் போட்டால் போதும். ஜூன், ஜூலையில் மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அதற்கு மேல் பெண்கள் அந்தப் பக்கம் இறங்கவே அஞ்சுகிறார்கள். எல்லா மேட்டிலும் சைக்கிள் பாதை கேட்கவில்லை, சரி. மேட்டின் உச்சியில் சமமாக ஓடும் ரோடுகளிலாவது ஓரமாகத் தனிப்பாதை பிரித்துத் தாருங்கள்.

மாநகராட்சியின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தை அடுத்து மறுபரிசீலனை செய்யும்போது இவற்றைச் சேர்க்கக் கோருகிறோம். வரைபடம் போடும் முன், பள்ளி நாளில் ஒரு காலை ஏழு மணிக்கு, வார்டு கவுன்சிலரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளி வரை நடப்போம்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் குடியிருப்போர்