யாக்கோபு 4:5-இல் குழம்ப ஒன்றுமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபம் 4:5-இல் குறிப்பிடும் வேதவாக்கியம் பழைய ஏற்பாட்டில் எங்கே இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில், “யாத்திராகமம் 20:5. இதில் குழம்ப ஒன்றுமில்லை” என்று பதில் தந்திருந்தீர்கள். உரையாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டிய ஒரு வசனத்தை ஒன்றரை வரியில் முடித்துவைத்த தங்கள் பதிலாசிரியரை வணங்குகிறேன்.

“நம்மில் வாசமாயிருக்கிற ஆவியானவர் நம்மிடத்தில் வைராக்கிய வாஞ்சையாயிருக்கிறார்” என்பதை வேதவாக்கியம் என்கிறார் யாக்கோபு. யாத்திராகமம் 20:5-இல் எரிச்சலுள்ள தேவன் இருக்கிறார். ஆவியும் இல்லை, வாசம் பண்ணுவதும் இல்லை, வாஞ்சையும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு வகுப்பில் இதே பதிலை நானும் சொன்னவன்தான். ஒரு சிறுமி அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இங்கே ஆவியைப் பற்றி ஒன்றுமே இல்லையே?” என்றாள். “கருத்து அதுதான், உட்கார்” என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், நான் சொன்ன அந்த வார்த்தைதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

தாங்கள் அறியாததல்ல, இந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘ப்தோனோஸ்’, அதாவது பொறாமை, என்ற சொல். பொறாமையினாலேதான் இயேசுவை ஒப்புக்கொடுத்தார்கள் என்று பிலாத்து அறிந்ததாக மத்தேயு 27:18 சொல்லும்போது வருவதும், கலாத்தியர் 5:21-இல் மாம்சத்தின் கிரியைகளோடு எண்ணப்படுவதும் இதே சொல்தான். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இது நல்ல பொருளில் வருவதில்லை. பத்துக் கட்டளைகளில், யாத்திராகமம் 20:5-இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், தேவனுடைய எரிச்சலைச் சொல்லும் சொல்லோ வேறு வேரிலிருந்து வருவது. அப்படியிருக்க, 4:5-இல் பொறாமைப்படுவது தேவ ஆவியா, மனிதனுக்குள் இருக்கும் ஆவியா? ‘வாசமாயிருக்கிற’ என்றும் ‘அவர் வாசம்பண்ணச் செய்த’ என்றும் இரண்டு விதமாகக் கையெழுத்துப் பிரதிகளில் இருப்பதற்கு ஓர் எழுத்து வேறுபாடே காரணம். பழைய பிரதிகளில் கேள்விக்குறியும் மேற்கோள்குறியும் கிடையாதென்பதால், மேற்கோள் எங்கே தொடங்குகிறது, அது மேற்கோள்தானா என்பதே வழக்காக நிற்கிறது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆவி பொறாமைக்கு இச்சிக்கிறது என்று எழுத, நமது வேதாகமம் வைராக்கிய வாஞ்சை என்று நேர் எதிர்ப் பக்கம் போயிருக்கிறது.

அந்த வைராக்கியம் என்ற சொல்லோடு எனக்குத் தனிப்பட்ட வழக்கு உண்டு. யாக்கோபு 3:16-இல் “வைராக்கியமும் விரோதமும் எங்கே உண்டோ, அங்கே கலகமும்” என்று கெட்டதாக வருவதும், சில வசனங்கள் தள்ளி 4:5-இல் நல்லதாக வருவதும் தமிழில் ஒரே சொல், கிரேக்கத்திலோ இரண்டு. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் எனக்கு முன்னால் உயர்ந்தபோது என் நெஞ்சில் எரிந்ததை, நீதிக்கான வைராக்கியம் என்றே நான் நெடுநாள் ஜெபத்தில் சொல்லிவந்தேன். அது சுத்தமான பொறாமை. ஆகவே இந்த வசனம் எனக்குப் பண்டிதர் விளையாட்டு அல்ல.

ஆதாரம் தேடியவர்கள் ஆதியாகமம் 6-ஐயும், ஆத்துமா வாஞ்சிக்கிறது என்னும் சங்கீதங்களையும் பார்த்தார்கள். தொலைந்துபோன ஒரு நூலையும் நினைத்தார்கள். எண்ணாகமம் 11-இல் ஆவி வந்து தங்கிய எல்தாத், மேதாத் பெயரில் ஒரு நூல் இருந்ததும், “தம்மிடம் திரும்புகிறவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருக்கிறார்” என்ற கருத்துள்ள அதன் ஒரு வரியை ‘ஹெர்மாவின் மேய்ப்பன்’ என்ற ஆதிக் கிறிஸ்தவ நூல் எடுத்தாள்வதும் தங்களுக்குத் தெரியும். “தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்” என்னும் யாக்கோபு 4:8-ஐ அதன் அருகே வைத்துப் பார்த்தால் மனம் சற்றே தடுமாறுகிறது. 4:5-க்கு அடுத்த வசனமாகிய 4:6-இன் மேற்கோளுக்கு நீதிமொழிகள் 3:34 என்று உடனே விரல் வைக்கலாம். 4:5-க்கு அப்படி எந்த இடமும் இல்லை.

மத்தேயு 27:9 எரேமியா என்று சொல்லும் வார்த்தைகள் பெரும்பாலும் சகரியா 11-இல் இருப்பதைப் பற்றி முன்பு எழுதினேன், வெளிவரவில்லை. மத்தேயு 2:23-இன் ‘நசரேயன்’ எந்தத் தீர்க்கதரிசியின் வாக்கு என்று கேட்டதற்கு, “விசுவாசத்தோடு வாசியுங்கள்” என்று ஓர் அஞ்சலட்டை வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேள்வி கேட்கிறவனுக்கு விசுவாசம் இல்லை என்று முடிவுகட்ட ஓர் அஞ்சலட்டை போதும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், “இந்த வாக்கியம் இதே சொற்களில் பழைய ஏற்பாட்டில் காணப்படவில்லை” என்று ஒரு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், அஞ்சலட்டையைப் பற்றிய பகுதியை எடுத்துவிடலாம்; அந்தச் சிறுமியின் கேள்வியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்