சேர்க்கை சரியில்லாத சொல்

ஜோர்ஜ் டவுன், பினாங்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. ஆனாலும் படியேறுவதை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு. இங்கே தினமும் சாயங்கால மழை. மற்றதெல்லாம் பழையபடிதான்.

மூயெட் என்னும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்காக உன் பேத்தி நாளுக்கு 30 ஆங்கிலச் சொல் வீதம் பட்டியல் போட்டு, பொருளை மனப்பாடம் செய்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என்னிடம் மாலையில் படிக்க வரும் பையன் ஒருவன், கெட்டிக்காரன், கட்டுரையில் "பினாங்கு உணவுக்கு நொட்டோரியஸ்" என்று எழுதியிருந்தான். கேட்டால், "அகராதியில் 'நன்கு அறியப்பட்ட' என்றுதான் இருக்கிறது டீச்சர்" என்கிறான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தச் சொல் யாரோடு பழகுகிறது? திருடன், மோசடிக்காரன், அடிக்கடி விபத்து நடக்கும் வளைவு. நம் அம்மாக்கள் "சேர்க்கை சரியில்லை" என்பார்களே, அதேதான். நம் ஊர் நாசி கண்டார் சோற்றை அந்தக் கூட்டத்தில் நிறுத்த முடியாது.

எளிய சொல்லுக்கும் இப்படிச் சேர்க்கை உண்டு. 'காஸ்' (cause) என்றால் உண்டாக்குவது. சின்ன வகுப்பிலேயே படித்தது. ஆங்கில நாளிதழைக் கொடுத்து, அந்தச் சொல் வருமிடத்தையெல்லாம் வட்டமிடச் சொன்னேன். சேதம், தாமதம், வலி, நெரிசல் என்று பெரும்பாலும் கெட்டதுதான் அதன் பின்னால் வந்தது. பையன் அசந்துபோனான். எந்தப் பட்டியலும் அவனுக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை.

அகராதி செய்தவர்களே வாக்கியத்திலிருந்துதான் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபர்டு பேரகராதிக்காக எத்தனையோ பேர் சம்பளமில்லாமல் புத்தகங்களைப் படித்து, சொல் வந்த வரியைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். முதல் பகுதி 1884இல் வந்தது. வேலை முடிந்தது 1928இல். அச்சேறிய மேற்கோள்கள் மட்டும் ஏறத்தாழ 18 லட்சம். அந்தச் சீட்டுகளைப் பரப்பிவைத்துப் பார்த்த பிறகுதான் பொருளை எழுதினார்கள். நம் பிள்ளைகளோ கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

அதற்காகப் பொருளே பார்க்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஊகம் சிலசமயம் நன்றாகவே ஏமாற்றும். 'எனர்வேட்' என்ற சொல்லை எனர்ஜிக்கு உறவு என்று நினைத்து, தெம்பு தருவது என்று எழுதினாள் ஒரு பெண். உண்மையில் தெம்பை உறிஞ்சுவது. லத்தீனில் நரம்பை உருவி எடுப்பது என்று பொருள். நம் ஊர் மதிய வெயிலில் நடந்துவிட்டு வந்தால் எப்படியிருக்கும், அதுதான் என்றேன். இனி அவள் மறக்கமாட்டாள்.

பேத்தியிடம் 30ஐ விட்டுவிட்டு நாளுக்கு மூன்று சொல் எடுக்கச் சொல். படிக்கும்போது எதிர்ப்பட்ட சொல்லாக இருக்கட்டும். அது வந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதி, முதலில் ஊகித்து, அப்புறம் அகராதி பார்த்து, தன் சொந்த வார்த்தையில் பொருள் எழுதட்டும். நாலு நாள் கழித்துச் சொல்லை மறைத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் படித்து, சொல் நினைவுக்கு வருகிறதா பார்க்கட்டும். வராவிட்டால் இன்னொரு வாக்கியம் தேடட்டும்.

சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே கோபில்ட் என்ற ஆங்கில அகராதி ஒன்று கிடைத்தது. 1987இல் முதலில் வந்தது அது. பொருளையே முழு வாக்கியமாக எழுதியிருப்பார்கள், சொல் நடமாடும் விதமும் அதிலேயே தெரியும். அட்டை கொஞ்சம் கிழிந்திருக்கிறது. ஒட்டி, திங்கட்கிழமை அவளுக்குத் தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி