'நல்ல கை'யையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் குறித்த தங்கள் கட்டுரையில், இடது மூளை வலது கைக்கு, வலது மூளை இடது கைக்கு என்று பாகப்பிரிவினை செய்திருந்தார்கள். பாதிதான் சரி. மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டால், வாதம் தாக்காத 'நல்ல கை'யும் தடுமாறக்கூடும் என்ற மீதிப் பாதி விடுபட்டதால் நோயாளிகள் நஷ்டப்படுகிறார்கள்.

மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் 80 முதல் 90 சதவீதம் மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன. விரல்களின் நுண்ணசைவு ஏறக்குறைய முழுவதும் இவற்றை நம்பியது. மீதி இழைகள் பெரும்பாலும் கழுத்து, தோள், முதுகுத் தசைகளுக்குப் போகின்றன.

ஆனால் கட்டளை போகும் வழி வேறு, திட்டம் தீட்டும் இடம் வேறு. வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இரு கைகளின் செயல்திட்டத்திலும் இடது மூளைக்குப் பெரும்பங்கு உண்டு. இடது மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் சுத்தியல் அடிப்பதுபோல் நடித்துக் காட்டச் சொன்னால், வாதம் தாக்காத இடக்கையும் தடுமாறக்கூடும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஹூகோ லீப்மன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். வலது மூளை அடிபட்டால் கோளாறு வேறுவிதம்: வலக்கை சரியான திசையில் கிளம்பும், இலக்கில் போய் நிலைகொள்வதில் பிசகும்.

இது ஏன் கண்ணில் படுவதில்லை? "என் விரலை இறுக்கிப் பிடியுங்கள்" என்று சொல்லிப் பார்த்து, பிடி பலமாக இருந்தால் 'நார்மல்' என்று எழுதிவிடுகிறார்கள். பலம் இருக்கும், நிதானம்தான் போயிருக்கும். ஒன்பது துளைப் பலகை இதைக் காட்டிக்கொடுக்கும். ஒன்பது குச்சிகளையும் ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றாக எடுக்க ஆகும் நேரத்தை இரு கைகளுக்கும் தனித்தனியே ஸ்டாப்வாட்சில் குறிக்க வேண்டும். வாதம் வந்த கையோடு ஒப்பிட்டால் எந்தக் கையும் நல்ல கையாகவே தெரியும். அதே வயது, அதே பாலினத்தாரின் அதே கைக்குரிய அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

நல்ல கைக்கு உறை மாட்டி, வாதக் கையைக் கட்டாயமாக இயக்கவைக்கும் பயிற்சி சிறந்ததுதான். ஆனால் வாதக் கையில் மணிக்கட்டு 20 டிகிரியும் விரல்கள் 10 டிகிரியுமாவது நிமிர வேண்டும் என்பது அதற்கு வழக்கமான தகுதி. அதுவும் இல்லாதவர் பட்டன் போடுவது முதல் பாட்டில் திறப்பது வரை எல்லாவற்றையும் நல்ல கை ஒன்றால்தான் செய்தாக வேண்டும். அந்தக் கை மெதுவானால் அவருடைய நாள் முழுவதும் மெதுவாகிறது. சீட்டுகளைப் புரட்டுவது, சிறு பொருள்களைப் பொறுக்கி வைப்பது, கோட்டின்மேல் வரைவது போன்ற பயிற்சிகளை அந்தக் கைக்கும் சிகிச்சைத் திட்டத்திலேயே எழுதித் தரச் சொல்லி வீட்டார் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மறுவாழ்வு சிகிச்சையாளர்