பத்தாவது கதிரை

ஹரோ
24.06.2023

அன்புள்ள மகள் தர்சிக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். கொம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூட, மருந்து மாற்றியிருக்கிறார்கள். கத்தரிக்கன்று இந்த முறை நன்றாகப் பூத்திருக்கிறது. எம்1 பெருந்தெருவில் காரை ஏற்றுவதற்கு முதல் ரயருக்குக் காற்றுப் பார். பொங்கலுக்கு நீ வந்து போனபோது முன்பக்கத்து இடது ரயர் இறங்கியிருந்ததைக் கண்டனான்.

திங்கட்கிழமை இரவு நீ அனுப்பியதைக் கொம்மா காட்டினா. "354–7". வேறு ஒரு எழுத்தும் இல்லை. அவ கிரிக்கெட் என்று நினைத்துப் போட்டா. எனக்குப் பார்த்தவுடனே விளங்கியது. கொரோனாக் கட்டுப்பாட்டு நேரம் பிரதமரின் டவுனிங் ஸ்ட்ரீட் அலுவலகத்தில் நடந்த கூட்டங்களைப் பற்றி, அப்ப பிரதமராக இருந்த ஜோன்சன் பாராளுமன்றத்துக்கு வேண்டுமென்றே பிழையாகச் சொன்னார் என்று பாராளுமன்றக் குழு எழுதிய அறிக்கையை எம்பிமார் ஏற்றுக்கொண்ட வாக்குக் கணக்கு அது. அவவின் போனுக்கு வந்தாலும் அது எனக்கு வந்ததுதான் என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அந்த வாக்கெடுப்பால் ஜோன்சனுக்கு ஒன்றும் குறையப் போவதில்லை, பிள்ளை. குழுவின் அறிக்கை வர ஒரு கிழமை இருக்கும்போதே, 9ஆம் திகதி, அந்தாள் எம்பி பதவியை விட்டு இறங்கிவிட்டது. இருந்திருந்தால் 90 நாள் இடைநிறுத்தம். இறங்கினவரை எதிலிருந்து இடைநிறுத்துவது? முன்னாள் எம்பிமாருக்குக் கொடுக்கிற பாராளுமன்ற அட்டை கிடைக்காது, அவ்வளவுதான். தன்னைப் பழிவாங்குகிறார்கள் என்கிறார். குழுவில் இருந்த ஏழு பேரில் நாலு பேர் அவருடைய சொந்தக் கட்சி. இப்ப பிரதமராக இருக்கிற சுனக், ஜோன்சன் தண்டம் கட்டின அதே பிறந்தநாள் கேக் கூட்டத்துக்குத் தானும் தண்டம் கட்டினவர், வாக்களிக்கிற நேரம் அந்தப் பக்கமே வரவில்லை. வாக்கெடுப்பு நடந்ததும் ஜூன் 19, அந்தப் பிறந்தநாள் கூட்டம் நடந்ததும் 2020 ஜூன் 19. இதை நீயும் கவனித்திருப்பாய். திகதி பிடிக்கிறதில் நீ அப்பம்மாவைப் போல.

போன மாதம் அப்பம்மாவின் திவசத்துக்கும் நீ வரவில்லை. வேலை என்று கொம்மா சொன்னா. ஆஸ்பத்திரி வோட்டுக்கே பொறுப்பான பிள்ளைக்கு லீவு எடுப்பது லேசில்லை என்று நானும் கோயிலில் நாலு பேருக்குச் சொன்னேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று திவசம் போய்விட்டது, மூன்றுக்கும் வேலையா?

சனம் இன்னும் ஆறாமல் இருப்பது கேக்குக்காக என்று சிலர் சொல்கிறார்கள். பத்து நிமிடம் கேக்குக்கு முன்னால் நின்றதற்கு இவ்வளவா என்று நம்முடைய ஆட்களே கேட்கிறார்கள். பதில் சொல்வதென்றால் திகதிகளை வரிசையாக வைக்க வேண்டும். நான் வைத்திருக்கிறேன்.

அப்பம்மாவை அனுப்பியது 2020 மே 19, செவ்வாய். அடுத்த நாள் புதன், நல்ல வெயில். அன்று பின்னேரம் அமைச்சர் ஒருவர் ரிவியில் வந்து, வேறு வீட்டு ஆட்களில் ஒருவரை மட்டும், வெளியில், இரண்டு மீற்றர் தள்ளி நின்று சந்திக்கலாம் என்று ஞாபகப்படுத்தினார். அதே நாள் ஜோன்சனின் தலைமை அந்தரங்கச் செயலாளர் டவுனிங் ஸ்ட்ரீட் ஆட்கள் 200 பேரளவுக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறார்: நல்ல காலநிலை, ஆறு மணிக்குத் தோட்டத்துக்கு வாருங்கள், குடிக்கிறதை நீங்களே கொண்டு வாருங்கள். முப்பது, நாற்பது பேர் போனார்கள். ஜோன்சன் 25 நிமிடம் அங்கே நின்றார். பிறகு கேட்டபோது, அதை வேலை சம்பந்தமான ஒன்று என்று தான் நம்பியதாகச் சொன்னார்.

அதற்கு நாலு நாள் கழித்து, ஞாயிறு. அப்ப ஜோன்சனின் தலைமை ஆலோசகர் கமிங்ஸின் கதை வெளியில் வந்துவிட்டது. மனைவிக்கு நோய்க்குறி, ஆள் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு 260 மைல் ஓடி டர்ஹமுக்குப் போனவர். பிறகு ஏப்ரல் 12, கண் தெரியுதோ என்று பார்க்கப் பார்னாட் காசில் வரைக்கும் ஓட்டம். அன்றைக்கிருந்த அறிவுறுத்தல் என்ன? நோய்க்குறி வந்தவர் ஏழு நாள், அதே வீட்டில் இருக்கிறவர்கள் பதினாலு நாள், வெளியில் காலெடுத்து வைக்கக் கூடாது. ஜோன்சன் ரிவியில் நின்று, அந்த மனிசன் ஒவ்வொரு தகப்பனுக்கும் உள்ள உள்ளுணர்வின்படிதான் நடந்தார் என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு நான் ரிவிக்கு முன்னால் இருந்தேன். ரிமோட் கையில் இருந்தது. நிற்பாட்டவும் தோன்றவில்லை.

தண்டக் கணக்கையும் பார். 2020 மே 13க்கு முதல் 60 பவுண், அதற்குப் பிறகு 100. இரண்டு கிழமைக்குள் கட்டினால் பாதி. கேக்குக்கு அந்தாள் கட்டியது அந்தப் பாதிதான், 50 பவுண். ஓகஸ்ட் கடைசியிலிருந்து 30 பேருக்கு மேல் கூட்டம் சேர்த்தவர்களுக்கு 10,000 என்று சட்டம் கொண்டுவந்ததும் இதே அரசாங்கம். டவுனிங் ஸ்ட்ரீட்டிலும் வைட்ஹோலிலும் நடந்ததற்கு மொத்தம் 126 தண்டம், 83 பேருக்கு. இவ்வளவும் நடந்த இடத்தில் இருந்துகொண்டு 2021 டிசெம்பர் 1ஆம் திகதி பாராளுமன்றத்தில், வழிகாட்டல் முழுதும் பின்பற்றப்பட்டது என்று சொன்னார். பிறகு, அப்படித் தனக்கு மற்றவர்கள் உறுதி தந்தார்கள் என்றார். குழு பிடித்தது இதைத்தான். குடித்ததற்காக இல்லை, சொன்னதற்காக.

இந்தக் கூட்டங்களை விசாரித்த அரசாங்க அதிகாரி சூ கிரேயின் அறிக்கையில் சனம் பெரிதாகக் கதைக்காத ஒரு வரி இருக்கிறது. துப்புரவு வேலை செய்கிறவர்களையும் செக்கியூரிட்டிமாரையும் மரியாதையில்லாமல் நடத்தினார்கள் என்பது. சுவரில் சிவப்பு வைன் கொட்டிக் கிடந்தது, யாரோ ஒருவர் விடியத் துடைத்திருப்பார். லண்டனில் அந்த வேலைகளை ஆர் செய்கிறது என்று உனக்குத் தெரியும். உன்னுடைய பல்கலைக்கழகக் காசு எங்கேயிருந்து வந்தது என்றும் தெரியும்.

மார்ச் மாதம் குழுவின் விசாரணையில் ஜோன்சன், வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் பிரியாவிடை வைப்பது மனத்தெம்புக்கு அவசியம், அது வேலையின் பகுதி என்று வாதாடினார். உன்னுடைய வோட்டில் அந்த வருடம் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பிரியாவிடை வைத்தீர்கள்? நீ ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ரயரைக் கட்டாயம் பார். இரவு வேலை முடித்த கையோடு ஓடாதே. ஒரு நித்திரை கொண்டுவிட்டு வெளிக்கிடு.

செத்தவீட்டு அலுவல் பற்றிச் சிலது சொல்ல வேண்டும். நீ சட்டத்தை வாசித்திருக்க மாட்டாய், நான் வாசித்தவன். சங்கத்தில் அந்த வேலை என் தலையில்தான் இருந்தது. 2020 மார்ச் கடைசியிலிருந்து எல்லாம் மாறியது. மரணப் பதிவைப் போனில் செய்யலாம், வைத்தியரின் சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்பலாம். தகனத்துக்கு முதல் இரண்டு வைத்தியர்கள் கையெழுத்து வைக்க வேண்டும், அது ஒன்றாகக் குறைந்தது. நான்காம் படிவம் மட்டும், ஐந்தாம் படிவம் தேவையில்லை. விண்ணப்பம் முதலாம் படிவம், அதில் எதையாவது வெறுமையாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள், அன்றைய நேரம் பறிபோகும். அடுத்த நேரம் கிடைக்க ஒரு கிழமை. உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாததால் குளிப்பாட்டு, வாய்க்கரிசி, சுண்ணம் இடிப்பது எல்லாவற்றையும் மண்டபத்து அரை மணித்தியாலத்துக்குள் அடக்க வேண்டும். சுண்ணத்தை வீட்டில் இடித்துப் பொட்டலத்தில் கொண்டுவரச் சொல்லுவேன். திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணத்தில் இரண்டு பாட்டுப் பாடினால் போதும், மிச்சத்தைக் குருக்கள் போனில் முதல் நாளே பாடிவிடுவார். உள்ளே நெருப்புக் கூடாது, அதனால் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பதைப் பெட்டி காரை விட்டு இறங்கும்போது வெளியில் வைத்துச் செய்யச் சொல்லுவேன். காற்றென்றால் பற்றறி மெழுகுதிரி. சிவனுக்கு அது விளங்கும்.

ஆட்கணக்குத்தான் எல்லோரும் பிழையாக விளங்கிக்கொண்டது. பத்துப் பேருக்கு மேல் சட்டம் விடாது என்று நினைத்தார்கள். அப்போதிருந்த கொரோனாக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் செத்தவீட்டுக்கு எண்ணிக்கையே இல்லை. ஆறாம் விதி, வீட்டை விட்டுப் போவதற்கு நியாயமான காரணங்களைச் சொல்வது. அதில் நெருங்கிய குடும்பத்தவரின் இறுதிக்கிரியைக்குப் போவது ஒன்று. எவ்வளவு தூரம் என்றும் இல்லை. பேரப்பிள்ளை நெருங்கிய குடும்பம் இல்லை என்று ஒரு இடத்திலும் இல்லை. ஏழாம் விதி ஒன்றுகூடலைத் தடுத்தது, அதிலும் இறுதிக்கிரியைக்கு விலக்கு. எண்ணிக்கை வைத்தது அந்தந்த மயானம், மண்டபத்தின் அளவைப் பார்த்து. ஒன்றில் பத்து, இன்னொன்றில் அதைவிடக் கூட. அதனால் குடும்பங்களுக்கு நான் சொல்லுவது: முதலில் மயானத்துக்குப் போன் எடுங்கள், எத்தனை கதிரை என்று கேளுங்கள், வாசலில் தள்ளி நிற்கலாமோ என்று கேளுங்கள், அடுத்தடுத்த இரண்டு நேரம் எடுத்தால் ஆட்களை மாற்றலாமோ என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியலில் பேரப்பிள்ளைகளை முதல் எழுதுங்கள், கிழவர்களை நேரலையில் பார்க்கச் சொல்லுங்கள். இப்படி பர்மிங்ஹாமிலிருந்தும் கார்டிஃபிலிருந்தும் பிள்ளைகள் வந்து பந்தம் பிடித்துவிட்டு அன்றே திரும்பினார்கள். ஒரு பொலிஸும் மறிக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு மே மாதத்துக்கு முதலே தெரியும், தர்சி.

உனக்குப் போனில் நான் சொன்னது, "சட்டம் விடாது, பிள்ளை". நீ ஒருக்கால்தான் கேட்டாய். நேரலையில் கமெரா பின்னுக்கிருந்து காட்டியது, கதிரைகள் தெரிந்திருக்கும். கடைசி வரிசையில் ஒன்று வெறுமையாக இருந்ததை நீ எண்ணியிருப்பாய். அந்தக் கதிரை ஆருக்கு என்று கொம்மாவிடம் கேட்டாய். மாமா கடைசி நேரத்தில் வரவில்லை என்று அவவைச் சொல்ல வைத்தது நான். பட்டியலில் தொடக்கத்திலிருந்தே ஒன்பது பேர்தான். நானே எழுதினேன், என் கையெழுத்து.

நீ கொரோனா வோட்டில் நின்ற பிள்ளை. உன்னிடமிருந்து எங்களுக்குத் தொற்றும் என்று பயந்தேன். கொம்மாவுக்குச் சீனி, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தப் பயம் எனக்கு என்னைப் பற்றித்தான். அப்பம்மா மூச்சுக்குக் கஷ்டப்பட்டதை ஐபாட்டில் பார்த்த பிறகு இரவில் என் மூச்சையே எண்ணிக்கொண்டு கிடந்தேன். பயம் என்று உனக்குச் சொல்லியிருந்தால் நீ கவசத்தோடு வந்து வெளியில் நின்று, பந்தத்தைப் பிடித்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பாய். வெட்கத்தில் சட்டத்தைச் சொன்னேன். எட்டுப் பேரப்பிள்ளைகளில் இந்த நாட்டில் இருக்கிறது நீ ஒருத்தி. பந்தம் பிடிக்க ஆளில்லாமல்தான் பெட்டி உள்ளே போனது.

ஜோன்சனுக்கு உறுதி தர ஆட்கள் இருந்தார்கள். எனக்கு ஒருவரும் தரவில்லை.

கொம்மாவோடு கோபிக்காதே, அவ நான் சொன்னதைச் சொன்னா. கடிதம் எழுதுகிறேன் என்று அவவுக்குத் தெரியும், என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. அடுத்த மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு நாங்கள் வீட்டில்தான். நீ வந்தாலும் சரி, இல்லை நாங்கள் ரயிலில் லீட்ஸுக்கு வரவேண்டும் என்றாலும் சரி. உன் வீட்டு வாசலோடு நின்று கதைத்துவிட்டுத் திரும்பச் சொன்னாலும் வருவேன்.

ரயருக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும். முன்னுக்கு ஒரு இலக்கம், பின்னுக்கு ஒரு இலக்கம். ரயர் ஆறியிருக்கும்போது பார், ஓடிவந்த சூட்டில் பார்த்தால் கூடக் காட்டும்.

அப்பா