பழைய சாவடித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சாவடி வேலை முடிந்தது. கணக்கு நோட்டு படிப்பக மேசையில் இருக்கிறது, யாரும் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் டீக்கடையில் நோட்டைப் பற்றிக் கேட்பவர்களைவிட "பின்பக்கம் எதுக்குய்யா வாசல்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதனால் இந்த அறிக்கையில் பாதி அந்த வாசலுக்கே போகிறது, பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் பழைய கதை கொஞ்சம். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. அதில் போன வருமானத்துக்கு ஈடாகத்தான் ராஜாஜி 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். அப்புறம் 1971இல் கடை திறந்தது, 1974இல் மூடியது, 1981இல் மறுபடி திறந்தது. 2003இல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. அதற்கு அடுத்த வருடம் குடியை எதிர்த்து நம் மன்றம் ஆரம்பித்தோம்.

ஆரம்பத்தில் நமக்குத் தெரிந்தது ஊர்வலமும் உறுதிமொழியும்தான். கோயிலில் கயிறு கட்டிவிட்டால் குடி நின்றுவிடும் என்று நம்பினோம். தினமும் விடியும்போதே குடிப்பவர் ஒருவருக்கு நாங்களே கயிறு கட்டினோம். மூன்றாம் நாள் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. நாள்பட்ட குடியைச் சட்டென நிறுத்தினால் அப்படி வரும், உயிருக்கே ஆபத்து என்று அரசு மருத்துவமனை டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அன்றிலிருந்து முதலில் மனநலப் பிரிவு, அப்புறம்தான் கயிறு.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பால் 2017 ஏப்ரலில் ரோட்டுக்கடை மூடியது. சந்தோஷப்படுவதற்குள் அதே கடை ஊருக்குள் வரப் பார்த்தது. பெண்கள் பதினொரு நாள் உட்கார்ந்து அதைத் தடுத்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் (சுமார் 91 மீட்டர்) புகையிலை விற்கக்கூடாது என்கிறது 2003ஆம் வருடச் சட்டம். நாங்கள் டேப் பிடித்து அளந்தோம், பெட்டிக்கடை இருந்தது 84 மீட்டரில். கடைக்காரர் இன்றுவரை எங்களிடம் பேசுவதில்லை. சரி, போகட்டும்.

இப்போது வாசல். வாரம் ஒரு நாள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட நினைப்பவர்கள் பெயர் வெளியிடாமல் கூடுவது) கூட்டம் நடத்தத்தான் பின் அறையை ஒதுக்கினோம். அங்கே வருபவர் யாரென்று வெளியே தெரியக்கூடாது, அந்தக் கூட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. வரைபடத்தில் வாசலைச் சந்துப் பக்கம் போட்டிருந்தோம். கான்ட்ராக்டரோ டீக்கடைக்கு நேர் எதிரே கதவு நிலை வைத்து, லிண்டல் கான்கிரீட்டும் போட்டுவிட்டார். கேட்டதற்கு, "வாஸ்துப்படி இதுதாங்க சரி, திருந்த வர்றவன் தலைநிமிர்ந்து வரட்டுமே" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வாரம் வந்தது ஒரே ஒருவர். அவரும் டீக்கடையைப் பார்த்ததும் தபால் பெட்டி வரை போய், சட்டைப்பையைத் தடவிக்கொண்டே திரும்பிப் போய்விட்டார். அதை நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். மறுநாளே அதை இடித்து, வரைபடப்படி பின்பக்கச் சந்தில் வாசல் வைக்கச் சொல்லிவிட்டோம். பொதுக்குழுவைக் கூட்டாமல் முடிவெடுத்தது தவறு என்பவர்களுக்கு: ஆமாம், கூட்டவில்லை. கூட்டியிருந்தால் யாருக்காக அந்த வாசல் என்று பெயர் பெயராகப் பேசியிருப்பீர்கள்.

மதிப்பீடு 6,40,000 ரூபாய். ஆனது 7,93,000. கூடுதலில் வாசலுக்கு 61,000, ஒழுகிய மாடிக்குத் தட்டோடு பதித்ததில் 92,000. இந்த இரண்டுக்கும் கான்ட்ராக்டர் போட்ட பில் 2,05,000. இருபத்திரண்டு யூனிட் எம்-சாண்ட் என்று எழுதியிருந்தார். இறங்கியது ஐந்து லோடு, லோடுக்கு மூன்று யூனிட். நான்கு முறை உட்கார்ந்து பேசி 52,000 குறைத்தோம். என் வீட்டு விசேஷத்துக்குக்கூட அவர் வரவில்லை.

பெயிண்ட், மின்விசிறி, கழிப்பறை எல்லாம் முடிந்தன.

நன்கொடை 143 பேர், மொத்தம் 7,21,500. ஜவ்வரிசி ஆலைக்காரர், கொலுசுப் பட்டறைக்காரர்கள், தறிக்காரர்கள், வெல்ல மண்டி அண்ணன், ஆறு மகளிர் குழுக்கள், சிங்கப்பூர்த் தம்பி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. பெயர்ப்பலகை ஏன் இல்லை என்று சிலருக்கு வருத்தம். ஒருவர் தன் பெயர் வேண்டாம் என்றார். அவர் பெயரை மட்டும் விட்டால் ஊரே கண்டுபிடித்துவிடும். அதனால் எல்லாப் பெயரையும் விட்டோம்.

பாக்கி 71,500 பொருளாளர் கைமாற்றாகக் கொடுத்தது, வட்டி இல்லை. கூட்டக்காரர்களிடம் வாடகை வாங்குகிறோம் என்றும் ஒரு புகார். நாங்கள் கேட்கவில்லை. வெளியாரிடம் எதுவும் இலவசமாக வாங்குவதில்லை என்பது அவர்கள் வழக்கம், அவர்களே தங்களுக்குள் வசூலித்து மாதம் 200 ரூபாய் கவரில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கடைசியாக ஒன்று. சந்து இருட்டாக இருக்கிறது, விளக்குப் போடுங்கள் என்று ஒரு உறுப்பினர் 1,800 ரூபாய் கொடுத்தார். கூட்டக்காரர்களிடம் கேட்டோம். வேண்டாம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், ரசீது 144இல் 'ரத்து' என்று இருப்பது அதுதான்.

இப்படிக்கு,
செயலாளர்